கறுப்புப் பறங்கியின் பேரன்

அன்பு மகன் அந்தோணிக்கு,

டில்லியிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தபால்காரர் சட்டைக்குள் வைத்துப் பொத்திக் கொண்டுவந்தும் உறையின் ஒரு மூலை நனைந்து, மை ஊதாவாகப் பரவியிருந்தது. உன் அப்பா டிராம் டிப்போவுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் அதை மடித்து என் கையில் கொடுத்தார். "அவன் பேரு, அவன் கல்யாணம். அவன் இஷ்டம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, சந்தோஷம் வந்தாலும் சங்கடம் வந்தாலும் முதலில் குடையைத் தேடுகிறவர்.

கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரை அந்தோணி டாயில் என்று போட வேண்டாம், அம்மா வழித் தாத்தாவின் பெயரைச் சேர்த்து அந்தோணி அருளப்பன் என்று போடச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆபீசிலும் அப்படியே மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாய். காரணமும் எழுதியிருக்கிறாய். உன் தலைமை குமாஸ்தா பார்க்கும்போதெல்லாம் "மிஸ்டர் டாயில், எப்போது கப்பல் ஏறப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார், சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் இந்த நாட்டில் விருந்தாளி மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது, வெள்ளைக்காரனே போய்விட்ட பிறகு அவன் பெயரை நான் ஏன் சுமக்க வேண்டும் என்கிறாய். நியாயமான கேள்வி. என் அப்பாவின் பெயரை நீ எடுத்துக்கொள்ள நினைத்ததில் எனக்குப் பெருமை இல்லாமல் போகுமா? அவர் இருந்திருந்தால் கோவிலில் ஆர்மோனியத்தைக் கூடுதலாக ஒரு கட்டை ஏற்றி வாசித்திருப்பார். நான் உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் "வெள்ளைக்காரன் பெயர்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் எனக்குக் கை அரிக்கிறது. அது அப்படியில்லை. அது என்ன பெயர் என்று உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார். ஆகையால் நான் சொல்கிறேன்.

இந்தப் பெயரை முதலில் இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் உன் அப்பாவின் கொள்ளுத்தாத்தா. கம்பெனி காலத்தில் பறங்கிமலையில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஐர்லாந்துக்காரர். அவர் ஊரில் பசி, பட்டாளத்தில் சோறு. அதனால் வந்தார் என்று உன் அப்பாவின் அப்பா சொல்வார். பட்டாளத்துக் காலம் முடிந்ததும் கூட வந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. சாந்தோமில் சவேரியம்மாள் என்று ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். அவளைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கூப்பிட்டதற்கு, கடலைத் தாண்டி வரமாட்டேன், வேண்டுமானால் நீ இங்கேயே இரு என்று அவள் சொல்லிவிட்டாளாம். அவரும் இருந்துவிட்டார். கோவிலுக்குப் பின்னால் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தார். அவருக்குப் பிறந்தவர்கள் இங்கேயே பெண் எடுத்தார்கள், இங்கேயே பெண் கொடுத்தார்கள். முதலில் நீலக் கண் போயிற்று. அப்புறம் மூக்கு போயிற்று. இங்கிலீஷ் பாதி போயிற்று. உன் அப்பா பிறக்கும்போது அந்த மனுஷனிடமிருந்து மிஞ்சியது பெயர் ஒன்றுதான். வாசல் தூணில் உன் தாத்தா பதித்த பித்தளைப் பலகையில் இங்கிலீஷில் அந்த ஐந்து எழுத்து இருக்கிறது. பலகைக்கு உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் மயிலாப்பூர்க்காரர்கள்.

அந்தப் பெயரால் உன் அப்பா பட்டது கொஞ்சமில்லை. உனக்குப் பள்ளிக்கூடத்தில் "தயிரு, தயிரு" என்று பட்டப்பெயர் வைத்தார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய். அவருக்கு வைத்தது அதைவிடப் பெரியது. இளவயதில் ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஆங்கிலோ இந்திய ரயில்வேக்காரர்கள் கூடும் ஒரு கிளப்பில் நடனம் என்று சிநேகிதன் ஒருவன் அழைப்பு வாங்கிக் கொடுத்தான். கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு போனார். வாசலில் நின்றவன் அழைப்பில் இருந்த பெயரைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான், இதை எங்கே எடுத்தாய் என்று கேட்டான். திரும்பி நடந்தே வந்துவிட்டார். அந்தப் பக்கம் அப்படி என்றால் இந்தப் பக்கம் வேறு மாதிரி. டிராமில் செக்கர் வேலை கிடைத்ததும், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் எல்லாம் இறங்கி ஓடும்போது "கறுப்புப் பறங்கி!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். லஸ்ஸிலிருந்து பாரி முனை வரைக்கும் அவருக்கு அதுதான் பெயர். மீன்காரர்கள், வண்டிக்காரர்கள், எல்லாருக்கும் அவர் கறுப்புப் பறங்கி. அந்தக் குரல் காதில் விழுந்த நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோதும் இந்தப் பெயர்தான் குறுக்கே நின்றது. என் அப்பா கோவிலில் பாட்டுக்காரர்களைப் பழக்கிக்கொண்டிருந்த வாத்தியார். பையன் நல்லவன், வேலை இருக்கிறது, பூசைக்குத் தவறாமல் வருகிறான், எல்லாம் சரி, ஆனால் டாயில் என்று இருக்கிறதே, நாளைக்கு என் பெண் கவுன் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று தயங்கினார். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் என் அம்மாவிடம் சொன்னதை நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "பேருக்குத்தான் துரை. உள்ள போனா கருவாட்டு வாசனை வருது. குடுக்கலாம்." அப்படித்தான் எனக்கு இந்தப் பெயர் வந்தது. பிறந்தபோது கிடைத்ததல்ல, நான் சம்மதித்து வாங்கிக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, உன் அப்பாவுக்கு இருந்த கூச்சம் எனக்கு இருந்ததில்லை.

இப்போது யுத்த காலத்துக்கு வருகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது திருச்சியில் மாமா வீட்டில் இருந்து காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாய். இங்கே மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு. மாட்டுவண்டியில் பாத்திரம் பண்டத்தை ஏற்றிக்கொண்டு சனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நாமும் கிளம்பலாமா என்று நான் கேட்டதற்கு, டிராம் ஓடுகிற வரைக்கும் செக்கர் இருக்க வேண்டும் என்றார் உன் அப்பா. இருந்தோம். கடற்கரைச் சாலை முழுக்கப் பட்டாள லாரி. வீடு வேண்டும், இடம் வேண்டும் என்று பட்டாளத்துக்காரர்கள் கதவைத் தட்டுவதும், ஆட்களைக் காலி பண்ணச் சொல்வதும் அங்கங்கே நடந்தது. அதனால் சிப்பாயைப் பார்த்தாலே நாங்கள் கதவைச் சாத்திவிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். மீன்காரி அஞ்சலை பின்பக்கமாக ஓடி வந்தாள். சாந்தோம் குப்பத்து அஞ்சலைதான், உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். "யம்மா, உங்க வூட்டு கேட்டாண்ட ஒரு சோல்ஜரு நின்னுகினு கீறான். பலகையப் பாத்துகினே கீறான். இன்னான்னு கேளுங்க," என்றாள். உன் அப்பா குழம்புக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். பனியனும் லுங்கியும்தான் உடுத்தியிருந்தார். சட்டை போட்டுக்கொண்டு போங்கள் என்று நான் சொன்னது காதில் விழவில்லை. நான் பின்னாலேயே போய் முன்கதவு ஓரத்தில் நின்றுகொண்டேன்.

வெளியே நின்றவனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம். தலைமயிர் செம்பட்டை என்று சொன்னால் போதாது, செங்கல் நிறம். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. மிஸ்டர் டாயில் வீட்டில் இருக்கிறாரா என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான்தான் என்றார் உன் அப்பா. அவன் சிரித்த முகமாகத் தலையை ஆட்டிவிட்டு, உன் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தான். வீட்டு எஜமானரைக் கேட்கிறேன், டாயிலைக் கேட்கிறேன் என்று இன்னும் நிதானமாக, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சொன்னான். உன் அப்பாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த முதுகு விறைத்ததிலேயே முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிளப் வாசலில் இருந்து திரும்பி நடந்த முகம். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நான் டாயில். என் அப்பா டாயில். அவர் அப்பாவும் டாயில். உனக்கு என்ன வேண்டும்?

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். பிறகு, என் பெயரும் டாயில்தான் ஐயா, மார்ட்டின் டாயில், இத்தனை தூரத்தில் பலகையில் நம் வீட்டுப் பெயரைப் பார்த்ததும் சொந்தக்காரர் யாராவது இருப்பாரோ என்று ஓடி வந்தேன் என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பாவை மேலும் கீழும் பார்த்தான். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டான். உன் அப்பா கேட்டைச் சாத்தப் போனார். அவன் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சிரித்தேன், இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டான். தெரியாது என்றார் உன் அப்பா. பெயருக்கு அர்த்தம் உண்டு என்றே அதுவரைக்கும் எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அவன் சொன்னான். அவன் ஊர் ஐர்லாந்தில் ஒரு கடற்கரை. அங்கே கதவுக்குக் கதவு டாயில்தான். பழைய காலத்தில், அவர்கள் இங்கிலீஷையே கேள்விப்பட்டிராத காலத்தில், வடக்கேயிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் கொள்ளையடிக்க வந்தார்களாம். அவர்களில் ஒரு கூட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் வெளுத்த அந்நியர் என்றும், இன்னொரு கூட்டத்தைக் கறுத்த அந்நியர் என்றும் சொன்னார்களாம். ஏன் கறுத்தவர்கள்? மயிரின் நிறமா, கப்பலின் நிறமா, போட்டிருந்த கவசமா, அது யாருக்கும் தெரியாது என்று அவனுடைய பள்ளிக்கூட வாத்தியார் சொன்னாராம். கொள்ளையடிக்க வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. அங்கேயே பெண் கட்டி, அங்கேயே வலை வீசி, அங்கத்துக் கோவிலிலேயே முழங்கால் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படித் தங்கியவனின் பேரப்பிள்ளைகளுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவர்கள் பாஷையில் முன்னால் ஓ என்று ஓர் எழுத்து உண்டு, அதற்குப் பேரன் என்று அர்த்தம். கறுத்த அந்நியனின் பேரன். பிற்பாடு இங்கிலீஷ்காரன் வந்து அவர்களை ஆண்டபோது அந்த பாஷையே பலருக்கு வாயை விட்டுப் போயிற்று. முன்னால் இருந்த ஓ உதிர்ந்தது. மிச்சத்தை இங்கிலீஷ் எழுத்தில் நசுக்கி எழுதினார்கள், அதுதான் டாயில். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவன் தன் செங்கல் தலையைத் தொட்டுக் காட்டினான். எங்கள் ஊரில் இந்தப் பெயரோடு இருக்கிற அத்தனை பேரும் என்னை மாதிரிதான் ஐயா, பெயருக்குத் தகுந்த டாயிலை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான்.

நான் கதவோரத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே "கறுப்புப் பறங்கி" என்று தமிழில் சொல்லிவிட்டது. உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அஞ்சலை கூடையோடு சுவரோரமாக வந்து நின்றவள், "இன்னாம்மா சொல்றான் சோல்ஜரு?" என்று கேட்டாள். டாயில் என்றால் அவர்கள் பாஷையில் கறுப்புப் பறங்கி என்று அர்த்தமாம் என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அத்தத்தான் நாங்க இத்தினி வருசமா சொல்லிகினு கீறோம். இத்த சொல்றதுக்கு சீமைலேந்து ஒரு ஆளு வரணுமா?" என்றாள்.

உன் அப்பா சிரித்து நான் பார்த்திருக்கிறேன், பல்லைக் காட்டாமல் மீசைக்குள் சிரிப்பார். அன்றைக்கு அப்படியில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். அந்தப் பையனுக்கு அஞ்சலை சொன்னதை இங்கிலீஷில் சொல்ல முயன்று, பாதியில் மறுபடி சிரிப்பு வந்து, நான்தான் சொல்லி முடித்தேன். அவனும் சிரித்தான். அஞ்சலை மட்டும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் எங்களைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

பிறகு கேட்டைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டு, தன் பக்கத்திலேயே இலை போடச் சொன்னார். வஞ்சிர மீன் குழம்பு. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வழிய அவன் சாப்பிட்டான், போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அம்மா அவனுக்கு அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. கொள்ளுத்தாத்தா கதையைச் சொல்லிவிட்டு அவனிடம் உன் அப்பா ஒரு கேள்வி கேட்டார். உங்கள் நாட்டைத்தான் இங்கிலீஷ்காரன் அடக்கி ஆண்டான் என்கிறாயே, அவன் பட்டாளத்தில் நீ ஏன் இருக்கிறாய் என்றார். வேலை இல்லை ஐயா, உங்கள் கொள்ளுத்தாத்தா வந்த அதே காரணம்தான் என்று அவன் சொன்னான். அதற்கப்புறம் சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்தான். எங்களோடு பூசைக்கு வந்து, உன் அப்பாவின் பக்கத்தில் முழங்கால் போட்டான். கோவிலில் யாராவது யார் என்று கேட்டால், "சொந்தக்காரப் பையன்" என்பார் உன் அப்பா. செங்கல் தலையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் நகர்ந்துவிடுவார்கள். பிறகு அவன் பட்டாளத்தை பர்மா பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அவன் முதல்முறை வந்துபோன அந்த வாரத்திலேயே நடந்த ஒன்றை, உன் அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர் என்னிடம் சொன்னார். ராயப்பேட்டை அருகில் டிக்கெட் எடுக்காத ஒருவன், இவர் ஏறுவதைப் பார்த்ததும் ஓடும் டிராமிலிருந்து குதித்து, வழக்கம்போல் "கறுப்புப் பறங்கி!" என்று கூவியிருக்கிறான். இவர் படியில் நின்று, தலைத் தொப்பியைக் கழற்றி, அவனைப் பார்த்து ஒரு சலாம் வைத்தாராம். அவன் ஓடுவதை மறந்து நடுரோட்டில் நின்றுவிட்டானாம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் தட்டு தள்ளி வைக்கப்படவில்லை. அதற்குப் பிறகும் வைக்கப்படவில்லை.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில் மார்ட்டின் மறுபடி வந்தான். உடம்பு பாதியாகி, மலேரியா மாத்திரை தின்று தின்று தோல் மஞ்சளாகிப் போயிருந்தது. இப்போது நானும் நிறம் மாறிவிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் வருகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னான். கஞ்சியும் துவையலும் கொடுத்து, கப்பல் கிளம்பும் வரை இங்கேயே வைத்திருந்து அனுப்பினோம். அவன் போய்ச் சேர்ந்த சில மாதத்தில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அவன் அம்மா தன் கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர். மெட்ராஸ் வெயில் எப்படி என்று அவன் சொல்லியிருப்பான், அந்த அம்மாள் நம்பியிருக்க மாட்டாள். அதைத்தான் உன் அப்பா மார்கழி மாதம் விடியற்காலைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நடந்துபோவார். நீ லீவில் வந்தபோது, இது ஏது என்று கேட்டாய். "சொந்தக்காரம்மா ஒருத்தங்க அனுப்பினாங்க" என்றார். நீ என் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டாய். மார்ட்டின் வந்ததைப் பற்றியும் உனக்கு ஒரே வரியில், ஒரு சோல்ஜர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று எழுதி முடித்துவிட்டார். அவருக்கு நடந்ததில் முக்கியமானது எதுவோ அது அவர் வாயில் வராது. அதைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குத்தான் நான் இருக்கிறேன் போலிருக்கிறது.

அந்தோணி, இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். இது நம்மை ஆள வந்தவனின் பெயர் இல்லை. வந்த இடத்தில் தங்கிவிட்டவனின் பெயர். முதலில் அந்தக் கடற்கரையில் ஒருவன் தங்கினான், பிறகு இந்தக் கடற்கரையில் ஒருவன். இரண்டு பேரும் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டு, ஊர் மண்ணிலேயே அடங்கினார்கள். ஓ என்றால் பேரன் என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்கு வாத்தியார் வீட்டுப் புத்தி ஒன்று தோன்றியது. நம் தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். உலகத்தின் அந்த மூலையிலும் இந்த மூலையிலும் சனங்கள் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். நீ அருளப்பனுக்கும் பேரன், டாயிலுக்கும் பேரன். எந்தப் பெயரைத் தாங்கினாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைமை குமாஸ்தாவுக்காக மாற்றாதே. அவர் மறுபடி எப்போது கப்பல் என்று கேட்டால், எங்கள் வீட்டில் கப்பலை விட்டு இறங்கித்தான் பழக்கம், ஏறிப் பழக்கமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல். கோபமாகச் சொன்னால் அவர் இன்னொரு நாளும் கேட்பார். கல்யாணத்துக்குப் பிறகு இன்னொன்று. நீயும் பிலோமினாவும் ஒருவரை ஒருவர் ஏதாவது கேட்க நினைத்தால், அடுத்தவர் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் உன் அப்பாவிடம் கேட்காமல் விட்டது போதும். கேட்டுவிட்டால் பாதி வீட்டுச் சண்டை அங்கேயே முடிந்துபோகும்.

பிலோமினா என்றதும் இன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். புடவை விஷயமாக என்னைக் கேட்பதற்கு அந்தப் பெண் மாம்பலத்திலிருந்து தன் அப்பாவோடு வந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் உடனே கிளம்ப முடியவில்லை. உன் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். நீ பெயரை மாற்ற நினைப்பதை அவளுக்கும் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது. அவள் என்னிடம் கேட்காமல் நேரே உன் அப்பாவிடமே கேட்டாள். "மாமா, நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. டாயில்னா என்ன?"

குடையைத் தேடப் போகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை. எழுந்து நின்றார். முன்கதவையே வாசல் கேட்டாக வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய் மார்ட்டின் ஆனார், இந்தப் பக்கம் வந்து தான் ஆனார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் காட்டினார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். வடக்கேயிருந்து வந்த கப்பலைச் சொன்னார், வெளுத்தவர்களையும் கறுத்தவர்களையும் சொன்னார், பேரனைச் சொன்னார். கடைசியில் துண்டை உருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு அஞ்சலை மாதிரியே, "சீமைலேந்து ஒரு ஆளு வரணுமா?" என்று கேட்டார். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா, அந்தக் கண்டிப்பான தலைமை ஆசிரியர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த நானும், இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு நாடகக்காரர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கிளப் வாசலைப் பற்றிக்கூட அவளிடம் சொன்னார். என்னிடம் அவர் வாயால் அதைச் சொன்னதில்லை, அவர் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தக் கோட்டு இன்னும் இருக்கா மாமா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார்.

மழை விட்டதும் அவர்களை லஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் தட்டு வைத்தேன். அச்சாபீஸ்காரர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறார், பெயரை எப்படிப் போடச் சொல்வது என்று நானே பேச்சை எடுத்தேன்.

"அந்தோணி எப்படி எழுதறானோ அப்படியே போடச் சொல்லு," என்றார். சோற்றைப் பிசைந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார். "பேரு போனாப் போகுது. கதை தெரிஞ்ச ஆளு ஒண்ணு வீட்டுக்கு வருதில்ல."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். இப்போது நன்றாகத் தூங்குகிறார். மழை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும்படி பதில் போடு.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா